பரண் மேல் கிடக்கும் கல்யாண சிடி... இப்போதே கீழே இறக்குங்கள்!

உங்கள் வீட்டுக் கல்யாணம் 2000-க்கும் 2008-க்கும் நடுவில் நடந்ததா? அப்படியென்றால் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலோ, பரணில் பழைய ஆல்பத்துக்குப் பக்கத்திலோ ஒரு பிளாஸ்டிக் பெட்டி கட்டாயம் இருக்கும். மேலே மாப்பிள்ளை, பெண் படம். உள்ளே மூன்று சிடி. ஒன்றில் மாப்பிள்ளை அழைப்பு, அடுத்ததில் முகூர்த்தம், மூன்றாவதில் ரிசப்ஷன். அதைக் கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள்?

ஆசைப்பட்டாலும் பல வீடுகளில் பார்க்க வழியில்லை. பழைய பிளேயர் இருக்கும், அதன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் சொருகப் புது டிவியில் இடம் இருக்காது. லேப்டாப் இருக்கும், அதில் சிடி போடும் டிரைவே இருக்காது. ‘இருக்கட்டும், எங்கே போகப்போகிறது’ என்று விட்டுவிடுகிறோம். ஆனால், அது போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கடையில் விற்ற சினிமா சிடிக்கும் ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாண சிடிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சினிமா சிடி தொழிற்சாலையில் அச்சு வைத்து அழுத்தியது. கல்யாண சிடி கம்ப்யூட்டரில் ‘ரைட்’ செய்தது. அதில் படம் பதிந்திருப்பது மெல்லிய சாயப்பூச்சு ஒன்றில். வெயில், சூடு, ஈரம் மூன்றும் அந்தச் சாயத்துக்கு எமன். ஓட்டுக்குக் கீழே இருக்கும் பரணில் பதினைந்து, இருபது சித்திரை வெயிலைப் பார்த்த சிடி இன்னும் ஓடுகிறது என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். சிடியின் மேற்பக்கம் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஏனென்றால், சிடியில் பதிவு இருக்கும் அடுக்கு அந்த மேற்பக்கத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. அடியில் விழும் கீறலைவிட மேலே விழும் கீறல்தான் மோசம்.

நல்ல செய்தி என்னவென்றால், இதைக் காப்பாற்றக் கடைக்காரரிடம் ஓட வேண்டியதில்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், யுஎஸ்பியில் சொருகும் ஒரு டிவிடி ரைட்டர், நான்கைந்து வெற்று டிவிடி போதும். மென்பொருட்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் காப்பி

அந்த மூன்று சிடியும் ‘விசிடி’ வகை. 1993-ல் வந்த முறை. ஒரு சிடியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படம் கொள்ளும். மூன்று மணி நேரப் படத்தை இடைவேளைக்கு முன், பின் என்று சிடி மாற்றி மாற்றிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால் நான்கைந்து ஃபோல்டர் தெரியும். அதில் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டருக்குள் ‘டேட்’ என்று முடியும் பெரிய ஃபைல் இருக்கும். அதுதான் படம். அப்படியே ஹார்டு டிஸ்க்குக்கு இழுத்துப் போடுங்கள். ‘விஎல்சி’ பிளேயரில் திறந்தால் ஓடும். 2001-லிருந்து எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பிளேயர் இது. பாரீஸ் அருகே ஒரு கல்லூரியில் மாணவர்கள் ஆரம்பித்த வேலை, இன்றைக்கு எந்தப் பழைய ஃபைலைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஓட்டுகிறது. நம் ஃபோனிலும் போட்டுக்கொள்ளலாம்.

காப்பி பாதியில் நின்றுவிடுகிறதா? பதற வேண்டாம். விசிடியில் அதிகப் படம் அடைப்பதற்காக, சாதாரண டேட்டா சிடியில் இருக்கும் பிழை திருத்தும் தகவலில் ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். 700 எம்பி சிடியில் ஏறக்குறைய 800 எம்பி படம் பிடிப்பதன் ரகசியம் அதுதான். அதற்கு விலை, சின்னக் கீறலுக்கும் காப்பி முரண்டு பிடிக்கும். சுத்தமான மென்மையான துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். தோசைக்கல்லைத் துடைப்பதுபோல் வட்டமாகத் துடைக்கக் கூடாது. அதற்கும் மசியவில்லை என்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் ‘முடியாது’ என்ற சிடியை இன்னொன்று சாவகாசமாகப் படித்துவிடும். பக்கத்து வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கு இப்போதுதான் மரியாதை.

ஸ்டுடியோக்காரர் கொடுத்தது டிவிடியாக இருந்தால் உள்ளே ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக எடுங்கள். பெரிதாகத் தெரியும் ‘வாப்’ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்து, சின்ன ஃபைல்களைக் குப்பை என்று விட்டுவிடுகிறார்கள். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு அந்தச் சின்ன ஃபைல்களில்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டரிலேயே தூங்கும் வீடியோக்களும் உண்டு. டிஜிட்டல் கேமராவில் எடுத்த ‘ஏவிஐ’, விண்டோஸ் மூவி மேக்கரில் செய்த ‘டபிள்யூஎம்வி’, பழைய நோக்கியா ஃபோனில் எடுத்த ‘த்ரீஜிபி’. இவற்றையெல்லாம் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டு வந்துவிடுங்கள். எதையும் இப்போது அழிக்க வேண்டாம்.

இந்தக் காலத்தில் டிவிடி எதற்கு?

நியாயமான கேள்விதான். யூடியூபில் ஏற்றிவிட்டால் போதாதா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். ஏற்றிப் பார்க்கட்டும். நம் ஸ்டுடியோக்காரர்கள் கல்யாண வீடியோ முழுக்க சினிமாப் பாட்டை ஓடவிட்டிருக்கிறார்கள். பாட்டின் உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் சார்பில் யூடியூபின் தானியங்கிப் பரிசோதனை அதைப் பிடித்துவிடும். மாலை மாற்றும்போது சத்தம் போய்விடலாம், சில நேரம் வீடியோவே முடக்கப்படலாம்.

டிவிடி, வீட்டுப் பெரியவர்களுக்காக. பாஸ்வேர்டு கேட்காது, விளம்பரம் வராது, நெட் பேக் தீராது. டிரேயில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் பேத்தியின் முதல் பிறந்தநாள் ஓடும். ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு ஸ்மார்ட் டிவியில் ஆப் தேடக் கற்றுக்கொடுப்பதைவிட இது சுலபம்.

ஆனால் டிவிடியை மட்டும் நம்பி மற்றதைத் தூக்கிப் போடாதீர்கள். அதுவும் ‘ரைட்’ செய்த தட்டுதான், அதற்கும் அதே சாயம், அதே வெயில். டிவிடி பார்ப்பதற்கு, ஹார்டு டிஸ்க் பாதுகாப்பதற்கு. நான் யாருக்கும் சொல்வது, ஒரு காப்பி வீட்டில், இன்னொன்று வேறொரு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ. மூன்று விசிடியும் சேர்ந்து இரண்டு ஜிபி அளவுதான் வரும். 32 ஜிபி பென் டிரைவில் உங்கள் குடும்பத்தின் பத்துப் பதினைந்து கல்யாணம் அடங்கிவிடும்.

வேலையை ஆரம்பிப்போம்

‘டிவிடி ஸ்டைலர்’ என்ற மென்பொருளை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். கூகுளில் தேடினால் ‘டவுன்லோடு’ என்று பச்சை நிறத்தில் பளபளக்கும் பட்டன்கள் நிறைய வரும். பாதி விளம்பரம். இன்ஸ்டால் செய்யும்போது ‘இதையும் போட்டுக்கொள்கிறாயா’ என்று வேறு ஏதாவது கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இலவசம் என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில மென்பொருட்கள் ‘ஃப்ரீ டிரையல்’ என்று உள்ளே விட்டு, மூன்று மணி நேரம் கம்ப்யூட்டரை ஓடவைத்து, கடைசியில் தாலி கட்டும் காட்சிக்கு நட்டநடுவே தங்கள் கம்பெனிப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுக்கும். அதை எடுக்கப் பணம் கேட்கும். டிவிடி ஸ்டைலர், விஎல்சி, ‘ஹேண்ட்பிரேக்’ மூன்றிலும் அந்தத் தொல்லை இல்லை. நிரலையே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் மென்பொருட்கள் அவை.

டிவிடி ஸ்டைலரைத் திறந்ததும் சில கேள்விகள் கேட்கும். தட்டின் பெயர் என்ன, அளவு என்ன, எந்த முறை, படத்தின் அகல உயர விகிதம் என்ன? அளவு 4.7 ஜிபி. (கம்ப்யூட்டரில் போட்டால் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.) முறை என்ற இடத்தில் ‘பால்’. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால்தான். பெண் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்து, அங்கே உள்ள பிளேயரில் போடப் போகிறாள் என்றால் மட்டும் ‘என்டிஎஸ்சி’ தேர்ந்தெடுத்து ஒரு தட்டு தனியாகச் செய்யுங்கள். அங்குள்ள பல பிளேயர்கள் பால் தட்டைத் தொடாது. இங்கிருந்து ஆசை ஆசையாக ஊறுகாயோடு சேர்த்து அனுப்பிய தட்டு அங்கே வெறும் நீலத் திரை காட்டினால் மனசு கஷ்டமாக இருக்கும்.

விகிதம் முக்கியம். பழைய வீடியோ எல்லாம் 4:3, அதாவது பழைய பெட்டி டிவியின் சதுரமான வடிவம். புது டிவிக்கு ஏற்ப 16:9 என்று கொடுத்து இழுத்துவிட்டால் மாப்பிள்ளையின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். 4:3 என்றே விடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, ஃபைல்களை இழுத்துக் கீழே இருக்கும் பட்டையில் போடுங்கள். எந்த வரிசையில் ஓட வேண்டுமோ அந்த வரிசையில். எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பதை அடியில் ஒரு கோடு காட்டிக்கொண்டே வரும். மெனு வேண்டுமென்றால் அதிலேயே பல மாதிரிகள் இருக்கின்றன. வயதானவர்களுக்கான தட்டு என்றால் மெனுவே வேண்டாம் என்பது என் கட்சி. போட்டதும் ஓடினால் போதும்.

ஒரு தட்டில் எவ்வளவு நேரம் அடைக்கலாம்? இதில்தான் பலருக்கும் குழப்பம். டிவிடியில் இருக்கும் இடம் ஒரு பானைச் சோறு மாதிரி. இரண்டு மணி நேரத்துக்குப் பரிமாறினால் ஒவ்வொரு நொடிக்கும் 5,000 கிலோபிட்டுக்கு மேல் கிடைக்கும், படம் பளிச்சென்று இருக்கும். ஆறு மணி நேரத்தை அடைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். யாராவது வேகமாக அசைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். கேம்கார்டர் டேப்பிலிருந்து எடுத்த நல்ல வீடியோ என்றால் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள்.

விசிடிக்கு இந்தக் கவலை கிடையாது. அதன் படத்துக்கு முதலிலேயே நொடிக்கு 1,150 கிலோபிட்தான். மூன்று சிடியையும் ஒரே டிவிடியில் போட்டால் பாட்டியின் புடவை ஜரிகை கூடக் குறையாது. கூடவும் கூடாது! விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள். இன்றைய ஃபுல் ஹெச்டி டிவியில் அதைப் போல இருபது மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. இல்லாத புள்ளியை எந்த மென்பொருளும் உண்மையாகக் கொண்டுவராது. 55 அங்குல டிவியில் மங்கலாகத் தெரிந்தால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் கொஞ்சம் பழகியவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். விசிடியின் படம் ‘எம்பெக்-1’. டிவிடி முறை அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஒலியை மட்டும் 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 48-க்கு மாற்றினால் போதும். டிவிடி ஸ்டைலரில் ஃபைலின் மீது ரைட் கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் வீடியோவுக்கு ‘காப்பி’ என்று கொடுத்துப் பாருங்கள். வேலையும் சீக்கிரம் முடியும், படமும் மறுபதிவில் தேயாது. அடம் பிடித்தால் வழக்கம்போல் மாற்றச் சொல்லிவிடுங்கள், குடி முழுகிவிடாது.

எல்லாம் சரியாக இருந்தால் ‘பர்ன்’ பட்டனை அழுத்தி, நேராகத் தட்டில் எழுதாமல் ‘ஐஎஸ்ஓ’ ஃபைலாகச் செய்யச் சொல்லுங்கள். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். காலையில் அந்த ஃபைலை விஎல்சியில் ஓட்டிப் பார்த்து, திருப்தியானால் மட்டும் தட்டில் எழுதுங்கள். தட்டு வீணாகாது. நாளைக்கே சித்தப்பா ‘எனக்கும் ஒன்று’ என்று கேட்டால் ஐந்து நிமிட வேலைதான்.

விண்டோஸ் 7-க்குப் பிறகு வந்த கம்ப்யூட்டர்களில் இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். ஐஎஸ்ஓ ஃபைல் மீது ரைட் கிளிக் செய்தால் ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்று வரும். கீழே ‘வெரிஃபை’ என்ற இடத்தில் டிக் போடுங்கள். எழுதி முடித்ததும் அதுவே ஒருமுறை படித்துச் சரிபார்க்கும். ‘சிடிபர்னர்எக்ஸ்பி’ போன்ற இலவச மென்பொருளில் எழுதினால் வேகத்தையும் நீங்களே குறைத்துக்கொள்ளலாம். 16 எக்ஸ் வேகத்தில் பறக்காமல் 4 எக்ஸில் எழுதினால் கால் மணி நேரம் ஆகும். பழைய பிளேயர்கள் அந்தத் தட்டோடு ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். வெற்றுத் தட்டு வாங்கும்போதும் ‘டிவிடி மைனஸ் ஆர்’ என்று கேட்டு வாங்குங்கள். பழைய பிளேயருக்கு அதுதான் பழக்கம்.

வெறுமனே எம்பிஃபோர் ஃபைலைத் தட்டில் இழுத்துப் போட்டு எழுதிவிட்டு ‘பிளேயரில் ஓடவில்லை’ என்பவர்கள் நிறைய. அது வீடியோ டிவிடி ஆகாது, ஃபைல் வைத்த தட்டு, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குப் புரியும், பழைய பிளேயருக்குப் புரியாது.

நோக்கியாவில் இருக்கும் தாத்தாவின் குரல்

விசிடியைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், எதை முதலில் காப்பாற்றுவது என்று கேட்டால் என் கை அந்த த்ரீஜிபி ஃபைல்களைத்தான் காட்டும். பார்க்கச் சகிக்காது. 176-க்கு 144 புள்ளிகள். முகம் அடையாளம் தெரிந்தாலே பெரிய விஷயம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கல்யாண வீடியோவில் யார் பேசுவதாவது கேட்கிறதா? முகூர்த்தத்துக்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு, இதய வடிவத்துக்குள் மணமக்கள் சுழலும்போது இன்னொரு பாட்டு. அன்றைக்கு அந்த மண்டபத்தில் எழுந்த குரல்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் உறவில் ஓர் அத்தை, தன் கல்யாண சிடியை மூன்று முறை போட்டுப் பார்த்தார். அவருடைய அப்பா வாசலில் நின்று எல்லோரையும் ‘வாங்க வாங்க’ என்று அழைப்பது தெரிகிறது, உதடு அசைகிறது, சத்தம் மட்டும் நாதஸ்வரம். கடைசியில் அந்தக் குரல் கிடைத்தது, பையன் 2007-ல் ஃபோனில் எடுத்த நாற்பது விநாடித் துண்டில். பேரனைப் பார்த்து ‘சாப்டியாடா’ என்று கேட்கிறார். அத்தைக்கு அது போதுமாக இருந்தது.

அந்தத் துண்டுகள் பழைய ஃபோனின் மெமரி கார்டில் இருக்கலாம், கம்ப்யூட்டரில் ‘நியூ ஃபோல்டர் 2’ என்ற பெயரில் இருக்கலாம். எல்லாவற்றையும் எடுங்கள். மூல ஃபைலை அப்படியே ஒரு காப்பி வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கில் எம்பிஃபோர் ஆக மாற்றினால் இன்றைய ஃபோன்களில் ஓடும். ஒவ்வொன்றாக மாற்றத் தேவையில்லை, வரிசையில் போட்டுவிட்டால் அதுவே ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும். ஹேண்ட்பிரேக் டிவிடி செய்து தராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அது டிவிடியிலிருந்தும் மற்றதிலிருந்தும் எம்பிஃபோர் செய்வதற்கு. டிவிடி செய்ய டிவிடி ஸ்டைலர்தான். எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ‘ஃபோன் வீடியோக்கள்’ என்று ஒரு தட்டு போட்டுவிடலாம். திரையில் மங்கலாகத்தான் இருக்கும். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பும்போது சாதாரணமாக வீடியோவாக அனுப்பினால் அது இன்னும் நசுங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்ற இடத்தில் போய் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்படியே போய்ச் சேரும்.

தட்டின் மேல் என்ன எழுதுவது?

சிடி மார்க்கர் என்றே கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள், முனை மெத்தென்று இருக்கும். ஸ்டிக்கர் வேண்டாம். ‘கல்யாணம்’ என்று மட்டும் எழுதினால் முப்பது வருஷம் கழித்து யாருடைய கல்யாணம் என்று தெரியாது. பெயர், தேதி, மண்டபம், ஊர் எல்லாம் எழுதுங்கள்.

அதோடு, டிவிடி தயாரானதும் பெரியவர்களை உட்காரவைத்து ஒருமுறை முழுசாக ஓட்டுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. ‘சந்தனக் கலர் சட்டை போட்டுக்கொண்டு பந்தி விசாரிக்கிறாரே, அவர் யார்?’ என்று நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். நமக்குத் தெரியாத பாதிப் பேரை அவர்களுக்குத் தெரியும். ‘அவர்தான் உங்க தாத்தாவுக்குப் பணம் கொடுத்து உதவினவர்’ என்று கதையும் வரும். எத்தனையாவது நிமிடத்தில் யார் என்று எழுதி, ஃபோனில் டைப் செய்து, வீடியோ இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவிடுங்கள்.

முடிந்ததும் பழைய சிடிகளைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டிக்குள் வைத்து, புத்தகம்போல் நிமிர்த்தி, சமையலறைச் சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். புது டிவிடியையும் அதன் பக்கத்திலேயே. பரணுக்கு மட்டும் மறுபடி ஏற்ற வேண்டாம்.